எலுமிச்சை எங்கிருந்து வந்தது?

வேலைக்காக பிரஸ்ஸல்ஸ் வந்த முதல் கோடையில், ஒரு சிறு ஆலையின் சேஸோன் பியர் வாங்கினேன். பாட்டிலில் எலுமிச்சையும் ஆரஞ்சும் வரைந்திருந்தார்கள். இரவெல்லாம் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்த கையோடு குடித்தேன். குளிர்ச்சியும் கசப்பும் தவிர ஒன்றுமே தெரியவில்லை. மிச்சமிருந்த பாதி கிளாஸை சமையல் மேடையிலேயே விட்டுவிட்டேன். அரை மணி கழித்துக் கழுவப் போனால் வாசனை ஆளைத் தூக்குகிறது! நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல், அதற்குப் பின்னால் லேசாக இடித்த மிளகு. அன்றிலிருந்து சேஸோனை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றுவதில்லை. இருபது நிமிடமாவது வெளியே வைத்து, 10 டிகிரிக்கு வந்த பிறகுதான் திறப்பேன்.

சேஸோன் என்றால் பிரெஞ்சில் பருவம். பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியான வல்லோனியாவில், குறிப்பாக எனோ மாகாணத்துப் பண்ணைகளில், குளிர் மாதங்களில் காய்ச்சி வைத்துக் கோடையில் வயலாட்களுக்குக் கொடுத்த பியர் என்று சொல்வார்கள். அங்கே தூர்ப் என்ற சிற்றூரில் இருக்கும் துப்போன் ஆலைதான் இன்றும் எல்லோரும் கைகாட்டும் இடம். 1844 முதல் இயங்கிவரும் பண்ணை ஆலை அது. மகன் கனடாவுக்கு விவசாயம் செய்யக் கிளம்பிவிடக் கூடாதே என்று ஒரு தகப்பன் 1920இல் அதை வாங்கிக் கொடுத்தாராம். அந்தக் கவலைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எலுமிச்சை சேஸோனை எடைபோட விரும்புகிறவர்கள் முதலில் துப்போனைக் குடித்துப் பாருங்கள். அதில் பழமும் இல்லை, தோலும் இல்லை. ஆனாலும் நாரத்தை மாதிரி ஒரு வாசம் வரும். காரணம் ஈஸ்ட். பொதுவாக ஏல் வகைப் பியர்களை 20 டிகிரியை ஒட்டி நொதிக்க விடுவார்கள். துப்போனின் ஈஸ்ட் 30 டிகிரியைத் தாண்டியும் வேலை செய்யும். சித்திரை வெயிலில் இட்லி மாவு பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில்தான் பழ வாசமும் மிளகுக் காரமும் பிறக்கின்றன. சர்க்கரையை ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிடுவதால் நாக்கில் இனிப்பு ஒட்டாது. தண்ணீர் மாதிரி இறங்கும். ஆனால் 6.5 சதவீதம் ஆல்கஹால். 750 மில்லி பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதே சரி, அன்றைக்கு வண்டியைத் தொடக் கூடாது.

ஈஸ்ட் தருவது ஒன்று. ஹாப்ஸ் பூவும் எலுமிச்சை தரும். ஜப்பானில் சப்போரோ நிறுவனம் உருவாக்கிய சொராச்சி ஏஸ் என்ற வகையை வைத்து நியூயார்க்கின் புரூக்ளின் ஆலை ஒரு சேஸோன் காய்ச்சியிருக்கிறது. எலுமிச்சையோடு சதகுப்பைக் கீரையின் வாசமும் எட்டிப் பார்க்கும் ஹாப்ஸ் அது. மூன்றாவதாக, உண்மையான தோலையே போடுகிறவர்கள். அங்கேதான் கை தவறுகிறது. தோலின் வெள்ளைப் பகுதி கொஞ்சம் சேர்ந்தாலும் அடித்தொண்டையில் ஒரு துவர்ப்பு நின்றுவிடும். தோலெண்ணெய் கூடிப்போனால் தரை துடைக்கும் திரவத்தின் நினைவு வரும். பிறகு எவ்வளவு நல்ல ஈஸ்ட் இருந்தாலும் வெளியே தெரியாது.

என் முதல் பாட்டிலில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் முறை வாங்கியபோது என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டுச் சட்டென்று சொன்னாள்: "ஏங்க, இது மல்லி. வறுக்காத மல்லி." அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு மல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கி என் மூக்கருகே நீட்டினாள். ஆரஞ்சு! நாம் மல்லியை எப்போதும் வறுத்தே பழகியதால் சாம்பார் வாசம்தான் தெரியும். பச்சையாக நசுக்கினால் ஆரஞ்சுத் தோலும் பூவும் கலந்தாற்போல ஒரு மணம். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம், மல்லி என்று எழுதியிருந்தது. மல்லியும் ஆரஞ்சுத் தோலும் பெல்ஜியத்தில் பழைய ஜோடிதான். 1966இல் பியேர் செலிஸ் என்பவர் ஹூகார்டன் ஊரில் வெள்ளை பியரை மீட்டெடுத்தபோது அவர் போட்டதும் இவை இரண்டையும்தான். இப்போது எந்த எலுமிச்சை பியர் திறந்தாலும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நசுக்கிய மல்லி, இன்னொன்றில் எலுமிச்சைத் தோல் வைத்துக்கொள்கிறேன். மாற்றி மாற்றி முகர்ந்தால் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும்.

கடையில் பச்சை பாட்டிலாக இருந்தால் ஜன்னலோரத்தில் இருப்பதை எடுக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கெட்ட வாடை வந்துவிடும். பெட்டிக்குள் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மணி நேரம் ரயிலில் பையோடு குலுங்கி வந்த ஒரு பாட்டிலை அன்றே திறந்து, மேசை விரிப்பெல்லாம் நுரையாக்கினேன். பாட்டிலுக்குள்ளும் நொதிக்கிற பியர் இது. ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் படியும்.

ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டு, தெளிந்ததை முதலில் ருசிக்கிறேன். பிறகு வண்டலைக் கலக்கி ஊற்றுவேன். நிறம் கலங்கும், எலுமிச்சை சற்றுப் பின்வாங்கும், புளித்த மாவின் வாசம் முன்னே வரும். என் மனைவிக்குத் தெளிந்த கிளாஸ்தான் பிடிக்கும். எனக்குக் கலங்கியது.