கேட்காமலே உழைக்கும் நரம்புகள்

படுத்திருக்கும் நாம் எழுந்து நிற்கிறோம். அப்போது அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. ஆனாலும் பெரும்பாலும் நமக்குத் தலை சுற்றுவதில்லை. ஏன்? உடலியங்கியல் வகுப்பில் தன்னியக்க நரம்பு மண்டலப் பாடத்தை நான் இந்தக் கேள்வியுடன்தான் தொடங்குவது வழக்கம்.

கையைத் தூக்க நாம் நினைக்க வேண்டும். இதயம் துடிக்கவும், குடல் அசையவும், வியர்வை சுரக்கவும் நம் உத்தரவு தேவையில்லை. இவற்றைக் கவனிக்கும் நரம்புகளுக்குத் 'தன்னியக்க நரம்பு மண்டலம்' என்ற பொருள்படும் பெயரை 1898-ல் சூட்டியவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர் லாங்லி.

இதில் முக்கியமான பிரிவுகள் இரண்டு. பரிவு நரம்புகள், தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் கிளம்புகின்றன. எதிர்ப்பரிவு நரம்புகள், மூளைத்தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலிருந்தும் வருகின்றன. ஆபத்து வந்தால் முன்னவை இதயத்தை விரைவுபடுத்தும். கண்ணின் பாவையை விரிக்கும். குடலின் அசைவைக் குறைக்கும். பின்னவை ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் உரியவை. தில்லியின் ஜனவரிக் குளிரில் நமக்கு மயிர் சிலிர்ப்பதும், மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டுவதும் பரிவு நரம்புகளின் வேலையே.

இவ்விரண்டும் பகையாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். நரம்புகளின் பிடி இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். வேகஸ் என்னும் எதிர்ப்பரிவு நரம்பு கடிவாளம் போல இழுத்துப் பிடிப்பதால்தான் ஓய்வில் அது 70 அளவில் நிற்கிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சற்றே இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இதை முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. உடனே கடிவாளம் தளர்கிறது, இதயம் விரைகிறது. பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் சீராகிவிடுகிறது.

நீண்டகால நீரிழிவு இந்த நரம்புகளைப் பழுதாக்கக்கூடும். அப்போது நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம்; சர்க்கரை மிகக் குறைந்தாலும் வியர்வை, படபடப்பு போன்ற எச்சரிக்கைகள் தோன்றாமல் போகலாம். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 புள்ளிகள் குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றாலும் இப்படி நேரலாம்; அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. நீரிழிவு உள்ளவர்களும் முதியவர்களும், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். இரவில் எழும்போது கட்டிலின் விளிம்பில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, கால்களை அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். இடுப்பெலும்பு முறிவில் முடியும் பல விழுதல்களை இந்த இரண்டு நிமிடப் பொறுமை தடுக்கும்.