உறக்கத்தில் நிற்கும் மூச்சு

காத்திவாக்கத்தில் சுவாச மண்டலம் பாடம் நடத்தினால் வகுப்பு உடனே தூசி, வாயு என்று பேசத் தொடங்கிவிடும். 2023 டிசம்பரில் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்த இரவை மாணவர்கள் மறக்கவில்லை. நானும் என் உபாதைகளுக்குக் காற்றையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்ததும் தலைவலி, பிற்பகல் பாடவேளையில் கண் சொக்கல், விடைத்தாளில் ஒரே வரியை மூன்று முறை வாசிப்பது. காற்று இல்லையென்றால் இரத்தசோகை, அதுவும் இல்லையென்றால் வயது.

கணவருக்கு இரவு ஷிப்ட்; என் குறட்டையைக் கேட்க ஆளில்லை. தேர்வுக்குப் படிக்க விழித்திருந்த மகள்தான் சொன்னாள்: "அம்மா, உனக்கு மூச்சே நின்னுடுது. அப்புறம் திடுக்குனு இழுக்குறே."

இதை வகுப்பில் விளக்க நனைந்த காகித உறிஞ்சுகுழல் போதும். ஆளுக்கு ஒன்று கொடுத்து வேகமாக உறிஞ்சச் சொல்லுங்கள், சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். உறக்கத்தில் தசைகள் தளர்ந்த தொண்டையும் அப்படித்தான். பத்து நொடியாவது காற்று நின்றால் அது ஒரு தடை. மணிக்கு ஐந்து முறையும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை நம்மை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கும். காலையில் நமக்கு நினைவிருக்காது.

பெண்களிடம் இது எளிதில் தப்பிவிடுகிறது. பலர் குறட்டையைச் சொல்வதில்லை; சோர்வு, தூக்கமின்மை, தலைவலி, மனச்சோர்வு என்றே சொல்கிறார்கள். கனவு காணும் உறக்கத்தில்தான் அவர்களுக்குத் தடைகள் அதிகம் என்பதால் முழு இரவுச் சராசரி குறைவாகத் தெரியலாம். டொராண்டோ மருத்துவர்கள் 2008இல் வெளியிட்ட, இன்று பரவலாகப் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியலில் ஆணாக இருப்பதற்கே ஒரு மதிப்பெண் உண்டு! ஐம்பது வயதைத் தாண்டினால் இன்னொன்று. எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. ஆனால் மாதவிடாய் நின்றபின் ஆபத்து கூடுகிறது; கர்ப்பகாலம், உடல் பருமன், சினைப்பை நீர்க்கட்டி, தைராய்டு குறைவு ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவது தொண்டையை மேலும் தளர்த்தக்கூடும்.

ஒட்டிய உறிஞ்சுகுழலில் மெல்ல ஊதச் சொன்னேன், திறந்துகொண்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிகிச்சை இதுதான்: முகமூடி வழியே இரவு முழுதும் காற்றழுத்தம். இப்போது நானும் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது.

"எங்க ஆயாவும் இப்படித்தான் டீச்சர் இழுக்கும்" என்றாள் பின்வரிசை மாணவி ஒருத்தி. செல்போனில் ஓர் இரவின் ஒலியைப் பதிவு செய்து மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். மறுவாரம் அந்த ஆயாவே பள்ளிக்கு வந்து, காது மூக்கு தொண்டைப் பிரிவில் எந்தக் கிழமை பார்ப்பார்கள் என்று கேட்டார்.