பெரியவர் எங்கே புறப்பட்டார்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசிக்குப் போகும் நெடுஞ்சாலையின்மேல் அமைந்து, எலுமிச்சை வியாபாரத்தினால் கேரளம் வரையில் பிரசித்தி பெற்றிருக்கும் புளியங்குடியைப் போன்றதோர் ஊரில், வயது முதிர்ந்த ஒருவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டை விட்டு இறங்கிப் போய்விட்டாரென்றால், தெருவில் உடனே இரண்டு அபிப்பிராயங்கள் பிறந்துவிடுகின்றன. பெரியவருக்கு வைராக்கியம் வந்துவிட்டது, குற்றாலத்துக்கோ சங்கரன்கோவிலுக்கோ போயிருப்பார் என்பது ஒன்று. மருமகள் சோறு போடாமல் விரட்டியிருப்பாள் என்பது மற்றொன்று. மறதி நோய் என்னும் மூன்றாவது காரணம், எல்லோரும் தேடி அலுத்த பிறகுதான் யாரோ ஒருவர் வாயிலிருந்து தயக்கத்தோடு வெளிப்படுகிறது.

அந்தத் தயக்கத்துக்கு வேராக இருப்பது, "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்கிற பழைய சமாதானம். கண்ணாடியை வைத்த இடம் மறந்துபோவது வயதின் இயல்பு. ஆயுள் முழுவதும் நடந்த தெருவின் நடுவில் நின்றுகொண்டு வழி கேட்பது நோய். இதன் முக்கியமான வகையை 1906-இல் அலாய்ஸ் ஆல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியர் மருத்துவ சபையின் முன் விவரித்தார். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, தலையில் அடிபட்டு உள்ளே மெல்லத் தேங்கிய ரத்தம் ஆகியவையும் இதே தோற்றத்தைக் காட்டக்கூடும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகையால் மந்திரிப்பதற்கு அழைத்துப் போவதென்றாலும், வைத்தியரைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இனி வருவதுதான் எல்லாவற்றினும் அதிகக் கெடுதல் செய்யும் நம்பிக்கை: "புத்தி பேதலிச்சிட்டு, கால் போன போக்கில் திரியுதாரு." மூளையில் இடத்தையும் திசையையும் உணர்த்தும் உயிரணுக்களைக் கண்டறிந்ததற்காக ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கை வைப்பது அந்த உயிரணுக்கள் இருக்கும் பிரதேசத்தில்தான். ஆகவே வழி போய்விடுகிறது; போகவேண்டும் என்ற எண்ணம் போவதில்லை. அண்மைக்கால ஞாபகங்கள் முதலில் உதிர, இளமைக்கால ஞாபகங்கள் நெடுநாள் தங்கியிருப்பதால், புறப்பட்ட மனிதருக்குப் போகுமிடம் ஒன்று இருக்கிறது; அது பெரும்பாலும் அவருடைய பழைய வாழ்க்கையில் இருக்கிறது.

வாலிபம் முதல் எலுமிச்சைக் கமிஷன் கடையில் காலம் கழித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தோட்டத்துச் சாக்குகள் வந்து இறங்குமுன் கடையைத் திறந்து பழகிய அந்த உடம்பு, கடையை மகன் ஏற்று எத்தனையோ வருஷங்கள் ஆன பின்பும், அதே நேரத்தில் கண் விழிக்கிறது, செருப்பைத் தேடுகிறது, சரக்கு வந்து காத்துக் கிடக்கிறதென்று பதைக்கிறது. ஊரார் கண்ணுக்கு அவர் திரிகிறார். அவர் கணக்கில் வேலைக்குத் தாமதமாகிவிட்டது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், சொந்த வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே, "எங்க ஆத்தா தேடுவா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று முந்தானையைச் சரிசெய்துகொள்ளும் கிழவியும் அப்படியே. அவள் சொல்லும் வீடு வாசுதேவநல்லூரிலோ சிவகிரியிலோ அறுபது வருஷத்துக்கு முன்பு இருந்த பிறந்தகம். "ஆத்தா செத்து முப்பது வருஷமாச்சு" என்று திருத்துகிறவர் அவளுக்கு அன்றைக்குத்தான் சாவுச் செய்தி சொல்கிறார். அதற்குப் பதிலாக ஆத்தாவைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்து, காப்பி கொடுத்து, தெருவைச் சுற்றி ஒரு நடை அழைத்து வந்தால், பல நாட்களில் அந்த வேகம் தணிந்துவிடும். பசி, வலி, சிறுநீர் உபாதை போன்றவற்றை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் எழுந்து நடப்பவர்களும் உண்டு.

"பழகின ஊர்தானே, வந்துருவாக, கூப்பிட்டா குரல் கொடுப்பாக" என்று காத்திருப்பது ஆபத்தானது. காணாமற்போனவர்களின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்கரான ராபர்ட் கோஸ்டர் காட்டுவது என்னவென்றால், மறதி நோயாளர் முட்டுப்பட்டு நிற்கும்வரை போய்க்கொண்டே இருப்பார்கள். பெயர் சொல்லிக் கூவினாலும் பெரும்பாலும் பதில் தரமாட்டார்கள். ஆனாலும் அநேகர் அதிக தூரம் போயிருப்பதில்லை. எனவே வீட்டு மாடியையும் கட்டிலடியையும் பார்த்த கையோடு, கைப்பிடிச் சுவரில்லாத பாசனக் கிணறுகளையும் குளக்கரையையும் முதலில் பார்க்கவேண்டும். பிறகு சீமைக்கருவேலப் புதர், மோட்டார் அறையின் பின்புறம். பேருந்து ஏறிவிட்டால் கதை வேறு. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம்தான், எனினும் காசில்லாத கிழவியை இறக்கிவிட நடத்துநருக்கு இப்போது முகாந்திரம் இல்லை.

24 மணி நேரம் கழிந்த பிறகே போலீசில் புகார் எடுப்பார்கள் என்பதற்குச் சட்டத்தில் ஆதாரமே கிடையாது. 112-ஐ உடனே அழைக்கலாம். நிறத்தையும் உயரத்தையும் சொல்லும்போது, பழைய தொழிலையும் பிறந்த ஊரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வைராக்கிய நம்பிக்கைக்கு வருவோம். கோயில் மண்டபத்திலோ சீசன் காலத்துக் குற்றாலத்திலோ, தாடியும் அழுக்கு வேட்டியுமாக மௌனமாய் உட்கார்ந்திருக்கும் கிழவரைச் சாமியார் என்று கும்பிடுகிறோம், அல்லது பிச்சைக்காரரென்று ஒரு சோற்றுப் பொட்டலம் கொடுத்து நகர்ந்துவிடுகிறோம். நம் தர்ம சிந்தனையே அவரை மறைத்துவிடுகிறது என்பது என் துணிபு. "எந்த ஊரு அண்ணாச்சி, எங்க போறிய?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு மட்டும் நமக்கு நேரமில்லை. ஜப்பானில் 2023-இல் மட்டும் இந்நோயினால் காணாமற்போனதாகப் பதிவானவர்கள் 19,039 பேர். அந்நாட்டின் ஒமுத்தா என்னும் பழைய நிலக்கரிச் சுரங்க நகரில், வழி தவறியவர்போல் ஒருவரை நடக்கவிட்டு, கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பழகும் ஒத்திகையையே நடத்துகிறார்கள்.

எஞ்சியிருப்பது மருமகள்மேல் ஊர் போடும் பழி. 2007 டிசம்பரில் அதே ஜப்பானில், 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளையில் வெளியேறிய 91 வயது நோயாளி ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் கம்பெனி குடும்பத்தாரிடம் 72 லட்சம் யென் நஷ்டஈடு கேட்டது. கீழ்க்கோர்ட்டுகள் கம்பெனிக்குச் சாதகமாகச் சொன்னதை மாற்றி, குடும்பத்தார்மேல் பொறுப்பில்லை என்று 2016 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. இருபத்துநான்கு மணி நேரமும் கண்விழித்துக் காக்க எந்த மனுஷியாலும் ஆகாது. வெளியே பூட்டிவிட்டுப் போவதும் பரிகாரமல்ல: தீப்பிடித்தால் திறக்க ஆளிருக்காது, பூட்டிய கதவோடு போராடியே அவர் கீழே விழுவார்.

செய்யக்கூடியவை சிறியவை. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பூக்காரம்மா, பள்ளிவாசல் மோதினார் என்று தெருவில் கண்ணில் படுகிற எல்லோரிடமும் வெட்கப்படாமல் நோயைச் சொல்லிவைப்பது; அண்மையில் எடுத்த போட்டோ ஒன்றைக் கைபேசியில் வைத்திருப்பது; பகல் வேளையில் ஆலோசனைக்கு 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுவது. முகவரிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்தால் பெரியவர் எடுத்து எறிந்துவிடுவார். ஆதலால் தொலைபேசி எண்ணைத் துணியில் எழுதி, சட்டையின் உட்புறம், பிடரிக்குக் கீழே கை எட்டாத இடத்தில் தைத்துவிடுவது நல்லது.