கடையில் கிடைக்காத புராஜெக்ட்

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இந்த ஜூனில் முதன்முதலாகப் பாடம் எடுக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு எழுதுகிறேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பதினொன்றிலிருந்து பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். பத்தாம் வகுப்பைப் போலப் பொதுத்தேர்வுக்குப் பயந்தும் படிக்க மாட்டார்கள். நாலு பேர் முன்னால் கேலிக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதுதான் இவர்களுடைய பெரிய கவலை. ஆனால் மனதுக்குப் பிடித்த வேலையை நம்பிக் கொடுத்துவிட்டால், சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேலையைத் தேடிப் பிடிப்பதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

1. எந்தப் புராஜெக்ட்டையும் கொடுப்பதற்கு முன், இதைக் கடையில் வாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையில் போய்ப் பாருங்கள். தேசத் தலைவர்கள், நீர் மாசுபாடு, போக்குவரத்து என்று தலைப்புக்கு ஒரு படத்தாள் தொங்கும். பிள்ளை அதை வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவிக் கொண்டுவரும். அல்லது அம்மாவின் போனில் கேட்டு, வந்த கட்டுரையை அப்படியே பார்த்து எழுதிவரும். பிள்ளையைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் கேட்டதே அதைத்தான்.

'நீர் மாசுபாடு பற்றிப் படம் ஒட்டி வா' என்பதை இப்படி மாற்றுங்கள்: 'நாளைக்கு ஒரு நாள் உன் வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று எண்ணு. எந்த வேலைக்கு எத்தனை குடம், யார் பிடித்து வைத்தார்கள், குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது என்றும் எழுதி வா.' இதை எந்தக் கடையும் விற்காது, எந்தப் போனும் சொல்லாது. மறுநாள் எல்லோருடைய எண்ணையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஏழாம் வகுப்பென்றால் சராசரி, முகடு, இடைநிலை அளவு மூன்றையும் அந்த எண்களிலேயே நடத்திவிடலாம். கல்யாணத்துக்கு உறவினர் வந்து தங்கியிருக்கும் ஒரு வீட்டின் பெரிய எண், சராசரியை மேலே இழுத்துவிடும். இடைநிலை அளவு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஏன் என்று அவர்களே விவாதிக்கட்டும். 'யார் பிடித்தார்கள்' என்ற வரிசையில் அம்மா, அக்கா, பாட்டி என்றே வந்துகொண்டிருப்பதையும் அவர்களே கவனித்துச் சொல்வார்கள்.

2. காசு செலவாகும் எதையும் கொடுக்காதீர்கள். தெர்மாகோல், சார்ட், கலர் பேப்பர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பட்டியல் சில வீடுகளில் ஒரு வேளைக் காய்கறிச் செலவு. பொருள் இல்லாமல் வரக் கூசி அன்றைக்கு லீவு போட்டுவிடும் பிள்ளை, ஏன் வரவில்லை என்று கேட்டால் வயிற்றுவலி என்றுதான் சொல்லும்.

3. மலிவான பொருளால் ஆழமான பாடம் நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டத்தைத் தொடங்கினார்கள். நம்முடைய இதே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத்தான். பிள்ளைகள் சோதனையைத் தாங்களே செய்து, பார்த்ததை எழுதி, விவாதித்து முடிவுக்கு வர வேண்டும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. ஆனால் அங்கே பிறந்த சின்னச் சின்னச் செயல்பாடுகள் பிழைத்துக்கொண்டன.

அவற்றில் ஒன்று, அங்கே வேலை செய்த அரவிந்த் குப்தா உருவாக்கிய தீக்குச்சி மாதிரிகள். சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்குங்கள். விரற்கடை நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு தீக்குச்சியைச் செருகினால் ஒரு மூட்டு தயார். மருந்தை முதலிலேயே சுரண்டி எடுத்துவிடுங்கள். மூன்று குச்சி, மூன்று மூட்டில் முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். நான்கில் சதுரம். இப்போது இரண்டையும் பக்கவாட்டில் அழுத்தச் சொல்லுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். முக்கோணம் அசையாது. அடுத்து, சதுரத்தையும் அசையாமல் நிற்க வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கள். குறுக்கே ஒரு குச்சி வைக்கலாம் என்று ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து குரல் வரும். மூலைவிட்டத்துக்குக் குச்சி எட்டாது என்ற அடுத்த சிக்கலும் அந்தப் பெஞ்சிலேயே முளைக்கும். அதுவும் நல்ல கணக்குப் பாடம்தான். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் எங்கெல்லாம் முக்கோணம் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். சைக்கிள் பார், மின்கோபுரம், ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டம் என்று மறுநாள் பட்டியல் வரும்.

4. பொருளைக் கையில் கொடுத்த பிறகு விளக்கம் சொல்லாதீர்கள். முதலில் விளக்கம், பிறகு ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது, அதற்குப் பிறகுதான் பொருள். பீரியடின் கடைசி எட்டு, பத்து நிமிடத்தைப் பொருள்களை எடுத்து வைக்கவும் பார்த்ததை எழுதவும் ஒதுக்கிவிடுங்கள்.

5. குழு வேலை என்று சொல்லி ஆறு பேரைச் சுற்றி உட்கார வைத்தால், கையெழுத்து அழகாக இருக்கும் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதுவாள், இரண்டு பேர் ஸ்கேல் பிடிப்பார்கள், மற்றவர்கள் கதை பேசுவார்கள். நான்கு பேர் போதும். நான்கு பேருக்கும் தனித்தனி வேலை இருக்க வேண்டும், ஒருவர் வேலை இல்லாமல் மற்றவர் வேலை முடியக் கூடாது.

இதற்கு ஜிக்சா முறையைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் 1971-ல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. அதுவரை பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வழிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டையும் வெறுப்பும் மூண்டன. ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த பிள்ளைகளை ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறவர்களாக மாற்ற வேண்டும் என்று அவர் நினைத்தார். பெஞ்சு பார்த்து உட்காரும் நம் ஊர் வகுப்பறைக்கும் அது பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆறாம் வகுப்பு உள்ளாட்சிப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி, நகராட்சியும் மாநகராட்சியும் என்று நான்கு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். எல்லாக் குழுவிலும் கிராம ஊராட்சி வாங்கியவர்கள் ஒரு மூலையில் கூடிப் படித்து, சந்தேகம் தீர்த்துக்கொள்ளட்டும். மற்ற மூன்று துண்டுகளுக்கும் அப்படியே. பிறகு அவரவர் பழைய குழுவுக்குத் திரும்பி வந்து மற்ற மூன்று பேருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கடைசியில் நான்கு துண்டிலிருந்தும் ஒரு சின்னத் தேர்வு. அதுவரை யாரும் பேச்சுக் கொடுக்காத பிள்ளையிடம், 'இன்னொரு தடவை சொல்லுப்பா' என்று மற்ற மூவரும் கெஞ்சும் காட்சியை உங்கள் வகுப்பிலேயே பார்ப்பீர்கள். குழுவை நீங்களே பிரியுங்கள். பிடித்தவர்களோடு சேரச் சொன்னால் தெருவும் சாதியும்தான் குழுவாக வந்து உட்காரும்.

இந்தப் பாடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆகஸ்ட் 15 அன்றோ அக்டோபர் 2 அன்றோ ஊரில் கிராம சபை கூடும். வீட்டுப் பெரியவர்களோடு போய், அங்கே வாசித்த தீர்மானங்களில் மூன்றை எழுதி வரச் சொல்லுங்கள்.

6. இதைக் கவனமாகப் படியுங்கள். நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் சில வேலைகள் பிள்ளையைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்திவிடும். 'உன் தெருவின் வரைபடம் வரை' என்பது புத்தகத்தில் அழகான செயல்பாடு. வரைந்து சுவரில் மாட்டினால், யார் எந்தத் தெரு, யார் காலனி என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். 'குடும்ப மரம் வரை' என்றால் அப்பா பிரிந்து போன பிள்ளையும், விடுதியில் வளரும் பிள்ளையும் என்ன வரைவார்கள்? 'கோடை விடுமுறையில் எங்கே போனாய்' என்ற கட்டுரையும் இதே வகைதான். வரைபடம் கற்பிக்க வேண்டுமா, பள்ளிக் கேட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எல்லோரும் சேர்ந்து நடந்து வந்து வரையுங்கள். அளவுகோல், திசை, குறியீடு மூன்றும் அதிலேயே வந்துவிடும்.

7. கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியாவது காத்திருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, 1970-களில் எழுதினார்: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடி ஆக்கினால் பதில் நீளமாகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

8. மொழிப் பாடத்துக்கு என் கைவசம் இருப்பதில் மிகச் சிறந்தது காகிதக் கப்பல். ஒவ்வொருவரும் கப்பல் செய்யும் முறையைப் படம் இல்லாமல் எழுத வேண்டும். எழுதிய தாளைப் பக்கத்து வரிசைக்கு மாற்றிக் கொடுங்கள். வாங்கியவர், தாளில் இருப்பதை மட்டும் அப்படியே செய்ய வேண்டும். தனக்குக் கப்பல் செய்யத் தெரியும் என்பதை மறந்துவிட வேண்டும். 'பேப்பரை ரெண்டா மடி' என்று எழுதியிருக்கும். நீளவாக்கிலா, அகலவாக்கிலா? 'மூலையை மடக்கு' என்று இருக்கும். எந்த மூலை, எதுவரை? ஒருவர் கையிலும் கப்பல் வராது. விசிறியும் தொப்பியும் பெயர் தெரியாத உருவங்களும்தான் வரும், வகுப்பு சிரித்து உருளும். அதன் பிறகு தங்கள் தாளைத் திருப்பி வாங்கித் திருத்தி எழுதுவார்கள் பாருங்கள், அவ்வளவு கவனமாக அவர்கள் வேறெதையும் எழுத மாட்டார்கள். 'தெளிவாக எழுது' என்று நாம் வருஷம் பூராவும் சொல்லி நடக்காதது அந்த ஒரு பீரியடில் நடக்கும்.

9. உங்கள் பாடம் ஒன்றுதான் அவர்களுக்கு இருக்கிறது என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் 2020-ம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கை, ஆறிலிருந்து எட்டு வரை வீட்டுப்பாடம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து. ஐந்து ஆசிரியர் அரை மணி நேர வேலை கொடுத்தாலே இரண்டரை மணி நேரம். கரும்பலகையின் ஒரு மூலையை வீட்டுப்பாடத்துக்கு என்று ஒதுக்கி, கொடுப்பவர் எல்லோரும் அங்கே எழுதுங்கள். கடைசிப் பீரியடில் இருப்பவர் பார்த்து, அதிகமானால் தன்னுடையதைத் தள்ளிப் போடலாம்.

10. நோட்டுத் திருத்தும்போது ஒரு டிக்கும் 'குட்'டும் போட்டு முடிக்காதீர்கள். இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ரூத் பட்லர் செய்த ஆய்வு 1988-ல் வெளிவந்தது. குறிப்பு மட்டும் வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் வாங்கியவர்கள் முன்னேறவில்லை. வியப்பு என்னவென்றால், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்து வாங்கியவர்களும் முன்னேறவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்ததும் குறிப்பின் மீது கண் போவதில்லை.

நம் ஊரில் மதிப்பெண் போடாமல் இருக்க முடியாது என்பது தெரியும். 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது செயல்பாட்டுக்கு 20, சிறுதேர்வுக்கு 20, பருவத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த முதல் இருபதை நான் மனதார வரவேற்றேன். பல இடங்களில் அது சார்ட் பேப்பருக்கான இருபதாகக் குறுகிப்போனது. நீங்கள் ஒன்று செய்யலாம். நோட்டில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்: 'இந்த எண் மற்றவர்களைவிட ஏன் இவ்வளவு அதிகம்?' 'இங்கே எந்த மூலை?' பிள்ளை அதற்குப் பதில் எழுதித் திரும்பக் கொண்டுவந்த பிறகு மதிப்பெண்ணைப் பதிவேட்டில் போடுங்கள். ஒரே நாளில் எல்லா நோட்டையும் இப்படிப் பார்க்க முடியாது. நாளுக்கு ஒரு வரிசை பாருங்கள்.

11. கடைசியாக, நீண்ட நாள் வேலை ஒன்றாவது வருஷத்தில் இருக்கட்டும். நான் பரிந்துரைப்பது நிழல். 'நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்' என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். தமிழ்நாட்டில் அது வருஷத்துக்கு இரண்டே நாள்தான் உண்மை. சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு முறை. தெற்கே போகப் போக ஏப்ரலில் முந்தியும் இரண்டாம் முறை பிந்தியும் வரும். மதுரையில் ஆகஸ்ட் கடைசி வாரம், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கம். ஏப்ரலில் தேர்வும் லீவும் வந்துவிடும், அதனால் இரண்டாவதைப் பிடியுங்கள்.

ஜூலையிலேயே மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். செங்குத்தா என்று பார்க்க நூலில் கட்டிய கல் போதும். வாரத்தில் ஒரு நாள், 12 மணியிலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, மிகக் குறுகியதை அளந்து நோட்டில் எழுதட்டும். முறை போட்டு இரண்டு இரண்டு பேராகப் போகலாம். ஜூலையில் உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழுவதைப் பார்த்ததும் பலருக்கு நம்ப முடியாது. வாரத்துக்கு வாரம் அது சுருங்கி, ஒரு நாள் குச்சியின் காலடியில் ஒடுங்கி, அதன் பிறகு வடக்குப் பக்கம் நீள ஆரம்பிக்கும். அந்த நாள் நெருங்கும்போது தினமும் அளக்கச் சொல்லுங்கள். மேகம் மறைத்துவிட்டால் கவலைப்படாதீர்கள், மறுநாள் பாருங்கள். ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கும், அதையும் அளந்து எழுதி வைக்கட்டும்.