கட்டுமுன் கட்டிப் பார்ப்போம்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்குச் சொந்தக் காணியில் வீடு எழுப்பும் வாய்ப்பு பெரும்பாலும் ஒருமுறைதான் வரும். பிழை நேர்ந்தால் இடித்துக் கட்டக் கையில் பணம் இராது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தோரின் காணிகள் 2009 இன் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. நெல்லியடிப் பக்கம் தங்கித் திரும்பக் காத்திருப்போருக்கும் இப்பாடம் உதவும்.

2012 இல் வடக்குக் கிழக்கில் விரிவுபெற்ற இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. குடும்பத்தவரே மேசனைப் பிடித்து, பொருள் வாங்கிக் கட்டினர். வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்தே பணம் வந்தது. பலர் வீட்டை முடிக்கக் கடன்பட்டனர். பொருள் விலையேற்றம் ஒரு காரணம். இடையில் வீட்டைப் பெருப்பித்தது இன்னொரு காரணம்.

இத்தகைய இடர்களைக் குறைக்கப் பெரிய கட்டடங்களில் இன்று கணினி மாதிரி பயன்படுகிறது. ‘பிம்’ என்று சுருக்கமாகச் சொல்வர். அதில் சுவர் வெறும் கோடன்று. நீளம், உயரம், தடிப்பு, கல்லின் வகை யாவும் அதனோடு பதிந்திருக்கும். கடதாசியில் ஒரு யன்னலை நகர்த்தினால் தளப்படம், முகப்புப்படம், பொருட்கணக்கு எல்லாவற்றையும் தனித்தனியே திருத்த வேண்டும். ஒன்று தவறினால் மேசன் ஒரு படத்தையும் தச்சர் வேறொன்றையும் பார்த்து வேலை செய்வர். மாதிரியில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லாம் மாறும். சிங்கப்பூர் 2015 முதல் 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ‘பிறீகாட்’ என்ற இலவச மென்பொருளிலும் இவ்வேலையைச் செய்யலாம். கணினி படிக்கும் பிள்ளைகள் முயன்று பார்க்கட்டும்.

கணினி இல்லாவிடினும் முறை நமக்குரியதே. 10 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவரை எடுப்போம். பரப்பு 100 சதுர அடி. சாந்தோடு சேர்த்து 16 அங்குலமும் 8 அங்குலமும் கொண்ட சீமெந்துக் கல்லாயின் 113 கல் வேண்டும். 3 அடிக்கு 7 அடிக் கதவையும் 4 அடிக்கு 4 அடி யன்னலையும் கழித்தால் 63 சதுர அடி. 71 கல் போதும். உடைவுக்குச் சிறிது சேர்த்துக்கொள்க. ஒரு சுவரிலேயே 42 கல் வித்தியாசம்!

வீட்டை மட்டுமன்றி வளவையும் வரைக. நமது நிலத்தடி சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளூடாகக் கழிவு விரைவில் கிணற்றைச் சேரும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நமது மண்ணில் அதனிலும் கூடுதலாக விடுவது நன்று. அயலவரின் கிணற்றையும் படத்திற் குறிக்க மறக்கவேண்டாம்.

மாதிரி நாம் சொல்வதையே அறியும். 65,000 உருக்கு வீடுகளுக்கான அரசின் திட்டத்தில் ஒரு வீட்டின் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. நமது வெப்பத்துக்கும் வாழ்க்கைக்கும் பொருந்தாதென 2016 இல் எதிர்ப்பு வலுத்தது. திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. குடியிருக்கப் போகிறவர், சிறப்பாகக் குசினியில் வேலை செய்பவர், வரைபட மேசையில் இருக்கவேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதைப் பற்றி ஆண்டவர் கூறியதை லூக்கா 14 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாமும் உட்காருவோம்.

கூடிச் சிந்திக்க:
1. நமது வளவில் கிணறும் குழியும் எத்தனை அடி இடைவெளியில் உள்ளன?
2. கையிலுள்ள பணத்தில் கூரை வரை முடியக்கூடிய வீடு எவ்வளவு பெரியது?
3. அறை ஒன்றைப் பின்னர் சேர்ப்பதாயின் எந்தப் பக்கம் இடம் விடுவோம்?