காட்டில் கிடைத்த வெள்ளிக்காசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குச் சொந்தமாகவே கொஞ்சம் காடு உண்டு. விடுமுறைக்கு வந்த மகன் அங்கே மெட்டல் டிடெக்டரோடு சுற்றினான். ஒரு பழைய கல்சுவர் ஓரமாக, கைக்கெட்டும் தூரத்துக்குள் இரண்டு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. ஒன்று 1853 என்று போட்ட அமெரிக்க டைம் (பத்து சென்ட் காசு). இன்னொன்று 1781, அரசர் தலை போட்ட ஸ்பானியக் காசு. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் வெள்ளி எப்படி வந்தது? யாராவது புதைத்து வைத்ததா? மேலும் தோண்டலாமா?

பதில்: இரண்டே காசு, கல்சுவர் ஓரம் என்பதைப் பார்த்தால் புதைத்து வைத்ததாகத் தோன்றவில்லை. யாரோ தவறவிட்டது. நீங்கள் காடு என்கிற இடம் அன்று காடாக இருந்திருக்காது என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கு விடை.

நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறியவர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மரங்களை வெட்டி வயலும் மேய்ச்சல் நிலமும் ஆக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மாசசூசெட்ஸ் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் மரமே இல்லாத வெட்டவெளி. பனிப்பாறைகள் விட்டுப்போன கற்கள் ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் மண்ணுக்கு மேலே வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பொறுக்கி வரப்போரம் அடுக்கியவைதான் இன்று நட்ட நடுக் காட்டில் நீங்கள் பார்க்கும் சுவர்கள். 1825இல் ஈரிக் கால்வாய் திறந்தது. பின்னாலேயே ரயில் வந்தது. மேற்கே ஒஹாயோ பக்கத்துக் கரிசல் போன்ற மண்ணில் விளைந்த தானியத்தோடு இந்தக் கல்லு நிலம் போட்டி போட முடியவில்லை. குடும்பங்கள் மேற்கே பெயர்ந்தன. பிள்ளைகள் லோவல் போன்ற ஊர்களின் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். விட்டுப்போன வயலில் முதலில் வெள்ளைப் பைன் முளைத்தது, அதை வெட்டிய பிறகு ஓக்கும் மேப்பிளும் வளர்ந்தன. பீட்டர்ஷாம் ஊரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் காட்டு ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரே நிலம் காடாகி, வயலாகி, மறுபடி காடான கதையைச் சிறு மாதிரிக் காட்சிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மகனை அவசியம் கூட்டிப் போங்கள்.

ஸ்பானியக் காசு அங்கே இருப்பதிலும் வியப்பில்லை. 1857இல் சட்டம் போட்டு நிறுத்தும் வரை ஸ்பானிய வெள்ளி அமெரிக்காவில் செல்லுபடியான பணம். எட்டு ரியால் ஒரு டாலர், இரண்டு ரியால் கால் டாலர். உங்கள் காசில் எம் எழுத்தின் தலையில் சிறிய வட்டம் இருந்தால் அது மெக்சிகோ நகரத்து அக்கசாலையில் அடித்தது.

1853 டைமை உருப்பெருக்கியில் பாருங்கள். ஆண்டின் இரு பக்கமும் அம்பு முனை இருக்கும். கலிபோர்னியாவில் தங்கம் வெள்ளமாக வந்ததும் அதற்கு எதிரே வெள்ளியின் விலை ஏறியது. காசை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தது. சில்லறையே மாயமாகிக்கொண்டிருந்ததால் அந்த ஆண்டு வெள்ளிக்காசுகளின் எடையை ஏறக்குறைய 7 சதவீதம் குறைத்தார்கள். புது எடைக் காசு என்று காட்டவே அந்த அம்பு. (ஆண்டின் தொடக்கத்தில் பழைய எடையில் அடித்தவற்றில் அம்பு இராது.)

இப்போது இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். இவை ஒரே பையிலிருந்து விழுந்திருந்தால், விழுந்தது 1853க்கு முன்னால் இருக்க முடியாது. ஸ்பானியக் காசு செல்லாமல் போன 1857க்கு வெகு பின்னாலும் இருக்க வாய்ப்பில்லை. நாள் முழுக்க உழைத்தால் ஒரு டாலர் அளவில் கூலி கிடைத்த காலம் அது. உங்கள் ஸ்பானியக் காசு இரண்டு ரியால் என்றால், இந்த இரண்டு காசும் சேர்ந்து அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விட்டவர் நிச்சயம் தேடியிருப்பார். இவ்வளவும் நமக்குத் தெரிவது இரண்டும் அருகருகே கிடந்தன என்பதால்தான். தனித்தனியாக ஒரு கடைக்காரர் மேசையில் இருந்திருந்தால் இரண்டும் வெறும் பழைய காசுகள்.

ஆகவே தோண்டுவதற்கு முன்னால் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, என்ன ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடைத்தது என்று எழுதட்டும். பித்தான், உடைந்த பீங்கான், ஆணி எல்லாமும்தான். காட்டில் லைலாக் செடி தனியே நின்றால், கல் கட்டிய சதுரப் பள்ளம் தெரிந்தால், அங்கே வீடு இருந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் தோண்ட வேண்டாம். மாநிலத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே பழைய கிணறும் இருக்கலாம். மூடிய பலகை உளுத்து, மேலே இலை மூடிக் கிடக்கும். தனியாகப் போக வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வெள்ளியா, இரும்பா என்று மெட்டல் டிடெக்டர் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெள்ளி என்று எண் காட்டிய இடத்தில் தோண்டினால் துருப்பிடித்த தகரம்தான் வருகிறது. (கனெக்டிகட் வாசகர்)

பதில்: அடியில் உள்ள வட்டத்துக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மாறு மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அந்தப் புலம் பட்ட உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது; அது தன் பங்குக்கு ஒரு சிறு புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வருவது எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதைக் கருவி அளந்து எண்ணாகக் காட்டுகிறது. வெள்ளி மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும், அதனால் அதன் எண் மேலே நிற்கும். இரும்பின் எண் கீழே. அலுமினிய மூடி, தாள் எல்லாம் நடுவில் விழும்.

சிக்கல் இதுதான்: கருவிக்கு வெள்ளி என்றால் என்னவென்று தெரியாது. அது கடத்துதிறனையும் வடிவத்தையும் பார்க்கிறது. 1982க்கு முந்தைய செம்பு சென்ட்டும் வெள்ளி டைமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் எண் காட்டும். தட்டையான பெரிய இரும்புத் தகடு சில சமயம் உச்சத்துக்கே போய்விடும். அதே இடத்தை நேர் குறுக்காக, தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரு பக்கமும் எண் நிலையாக நின்றால் தோண்டலாம். தடுமாறினால் பெரும்பாலும் இரும்பு. ஆனால் செங்குத்தாக நிற்கும் காசும் தடுமாறும் என்பதால், பழைய வீட்டுப் பள்ளத்துக்கு வெளியே, சுற்றுப்புறத்தில் சந்தேகமான ஒலியையும் விடாதீர்கள்.

கேள்வி: கிடைத்த காசு கறுத்துப் போயிருக்கிறது. அம்மா விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்கிறார். தேய்க்கலாமா? (நியூ ஜெர்சி வாசகி)

பதில்: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளி டம்ளருக்கும் சரியாக இருப்பது காசுக்கு ஆகாது. விபூதியானாலும் பற்பசையானாலும் அது நுண்ணிய தூள். காசின் மேல்தோலைச் சுரண்டிவிடும். அந்தக் கறுப்பு வெள்ளி சல்பைடு. அது படிந்த அடுக்கு மெல்லியது, அடியில் உள்ள உருவத்துக்கு அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. தேய்த்த காசைச் சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். விலை பாதிக்கும் கீழே போகலாம். புளியும் எலுமிச்சையும் அதைவிட மோசம்.

காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து மண்ணைக் கரைய விடுங்கள். அவசரமில்லை, இரண்டு மூன்று நாள் ஆகட்டும். பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். அம்மாவுக்கு என் வணக்கம். விளக்குக்கு அவர் முறைதான் சிறந்தது.

கேள்வி: இதன் வெள்ளிக்கு என்ன விலை வரும்? (அதே வாசகி)

பதில்: 1873 முதல் 1964 வரை அடித்த அமெரிக்க டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகியவற்றில் 90 சதவீதம் வெள்ளி. டைமின் எடை 2.5 கிராம், அதில் தூய வெள்ளி 2.25 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உருக்கும் விலைக்குக் கொடுப்பதற்கு முன் ஆண்டையும் அக்கசாலை முத்திரையையும் பாருங்கள். மெர்க்குரி டைம் எனப்படும் வகையில் 1916ஆம் ஆண்டு, பின்பக்கம் டி எழுத்து இருந்தால், அது டென்வரில் அடித்த 2,64,000 காசுகளில் ஒன்று. அதன் விலை வேறு கணக்கு. டி எழுத்தை ஒட்டவைத்த போலிகளும் நிறைய என்பதால் நிபுணரிடம் காட்டாமல் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவில் அரசுக் காடுகளில் தேடலாமா? (வட கரோலினா வாசகர்)

பதில்: தேசியப் பூங்காக்களில் கருவியைக் கொண்டு போய் இயக்குவதே குற்றம். தேசியக் காடுகளில் சில இடங்களில், அண்மைக் காலக் காசுகளைத் தேட விடுகிறார்கள். ஆனால் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டாட்சி நிலத்தில் உள்ள நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. அந்த வட்டார வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். தனியார் காடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிடைப்பதை எப்படிப் பிரிப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் நண்பரின் தோப்பில் அவர் அனுமதியோடு தேடினேன். கையால் அடித்த மூன்று பழைய வெள்ளி பென்னிகள் ஒரே குழியில் கிடைத்தன. சொன்னால் அரசு எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். மூன்று காசுதானே, சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ள காசுகள் ஒரே கண்டெடுப்பில் இரண்டு கிடைத்தாலே அது புதையல். 14 நாளுக்குள் அந்தப் பகுதியின் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் உங்கள் மாவட்டத்துக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொண்டு போனால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். அருங்காட்சியகம் ஏதாவது விரும்பினால் சந்தை விலை கணித்துத் தொகை தருவார்கள். வழக்கமாக உங்களுக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. யாருக்கும் வேண்டாமென்றால் காசு பொதுவாக உங்களிடமே திரும்பும்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 2015இல் அந்த நாட்டில் நடந்த இரண்டு கண்டெடுப்புகளைக் கேளுங்கள்.

ஹெரிஃபோர்டுஷயரில் லெம்ஸ்டர் நகருக்கு அருகே, இரண்டு பேர் வைகிங் காலத்துப் புதையல் ஒன்றைத் தோண்டினார்கள். ஏறக்குறைய 300 வெள்ளிக்காசுகள் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் முறையாகச் சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். 2019இல் வழக்கு முடிந்து சிறைக்குப் போனபோது மீண்டிருந்தவை சுமார் முப்பதுதான். மீதியில் பெரும்பகுதி எங்கே போனது என்று இன்றும் தெரியவில்லை.

அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் வாட்லிங்டன் அருகே, ஓய்வுபெற்ற ஒருவர் அதே காலத்துப் புதையலைக் கண்டார். கொஞ்சம் தோண்டிப் பார்த்தவர் உடனே குழியை மூடிவிட்டுத் தொடர்பு அலுவலரை அழைத்தார். அவர்கள் வந்து மண்கட்டியோடு பெயர்த்து எடுத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போய், அங்கே ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 200 காசுகள். 2017இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அதை 13 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது.

இரண்டு புதையலிலும் ஒரே அதிசயம் இருந்தது. வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், மெர்சியா அரசர் இரண்டாம் கியோல்வுல்ஃப் ஆகிய இருவர் பெயரிலும் ஒரே வடிவக் காசுகள். இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் பழைய ரோமானியக் காசைப் பார்த்துச் செய்த வடிவம் அது. ஆல்ஃபிரட் அரசவையோடு தொடர்புள்ள ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பேடு கியோல்வுல்ஃபை வைகிங்குகளின் கைப்பாவை என்கிற மாதிரி இகழ்ந்திருந்தது. வெகு காலம் உலகம் பெரும்பாலும் அதைத்தான் நம்பியது. காசுகளோ இருவரும் கூட்டாளிகளாக நாணயம் வெளியிட்டதைக் காட்டுகின்றன. வென்ற பக்கம் எழுதிய வரலாற்றில் சிறுமைப்படுத்தப்பட்ட ஓர் அரசருக்கு வெள்ளிக்காசு சாட்சி சொல்லியிருக்கிறது. லெம்ஸ்டர் காசுகள் முழுதாகக் கிடைத்திருந்தால் இன்னும் என்னென்ன சொல்லியிருக்குமோ. அந்த இழப்பை எந்தத் தண்டனையும் ஈடுகட்டாது. உங்கள் மூன்று பென்னியையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்.

ஒற்றைக் காசு கிடைத்தால் பொதுவாக அது புதையல் ஆகாது. அப்போதும் தொடர்பு அலுவலரிடம் காட்டி அவர்கள் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: கருவி வாங்கி நம் ஊர்ப் பக்கம் தேடலாமா? கொங்கு நாட்டில் ரோமானிய வெள்ளிக்காசு கிடைக்குமாமே. (உடுமலை வாசகர்)

பதில்: கிடைத்திருக்கிறது. கோவை, கரூர் வட்டாரங்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தினாரியஸ் வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டுள்ளன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நடந்த வணிகத்தின் தடயம் அது. ஆனால் தேடிப் போகாதீர்கள். 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணிலிருந்து எடுத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. காப்புக் காட்டுக்குள் கருவியோடு போனால் வனத்துறை வழக்கும் சேரும்.

கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து சங்க காலச் சேரர் காசும் ரோமானியக் காசும் எத்தனையோ வெளிவந்தன. அவற்றில் பல வியாபாரிகள் கை மாறி மாறி வந்ததால், ஆற்றின் எந்த இடத்தில், எதோடு சேர்ந்து கிடைத்தவை என்ற செய்தி போய்விட்டது. அது நம் வரலாற்றுக்கு நேர்ந்த நட்டம்.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ தோட்டத்தில் உழும்போதோ காசுப் பானை தென்பட்டால், அங்கேயே நிறுத்துங்கள். வேலைக்கு வந்தவர்களும் நீங்களும் பங்கு போட்டுக்கொள்ளாதீர்கள். பானையை அசைக்காமல் படம் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லி, கலெக்டர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயத் தொகுப்பில் கணிசமானவை இப்படி மாவட்டங்களிலிருந்து புதையல் சட்டத்தின் வழியே வந்து சேர்ந்தவை.