கொழுப்பைத் திருத்தி அமைக்கும் நொதிகள்

பத்தாம் வகுப்பு மாணவி

மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடுகிறது. அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெயோ உறைவதில்லை. இரண்டும் கொழுப்புகளே, பின் ஏன் இந்த வேற்றுமை? கொழுப்பின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசரால் என்னும் தண்டும், அதில் பிணைந்த மூன்று கொழுப்பு அமிலங்களும் உள்ளன. எந்த அமிலங்கள், எந்தெந்த இடத்தில் அமர்ந்துள்ளன என்பதைப் பொறுத்தே அது உறைவதும் உருகுவதும் அமைகின்றன. அமிலங்களை இடம் மாற்ற முடிந்தால் மலிவான எண்ணெயை வேண்டிய கொழுப்பாக்கிக் கொள்ளலாம் அல்லவா?

இதற்கு முதலில் கையாளப்பட்டது வேறு வழி. ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், நிக்கல் தூளின் உதவியால் திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு 1902-இல் காப்புரிமை கோரினார். நம் வனஸ்பதி பிறந்தது இவ்வழியில்தான். ஆனால் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கிறது. மாரடைப்புக்கு வழி செய்கிறது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே டிரான்ஸ் இல்லாத கெட்டிக் கொழுப்பு தேவைப்படுகிறது. இங்கேதான் லைபேஸ் என்னும் நொதி உதவிக்கு வருகிறது.

லைபேஸ் நமக்குப் புதிதன்று. நம் கணையம் நாள்தோறும் சுரப்பதே அது. குடலில் நீர் மிகுந்திருப்பதால் அங்கே அது கொழுப்பை உடைக்கிறது. நீரை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டாலோ, அதே நொதி அமிலங்களைத் திரும்பவும் கிளிசராலோடு இணைக்கிறது! வெட்டும் கத்தரிக்கோலே தையலூசியாகவும் ஆகிவிடுவது போன்றது இது. இதைப் படித்தபோது எனக்கு மிகுந்த வியப்பு உண்டாயிற்று. கெட்டிக் கொழுப்பையும் திரவ எண்ணெயையும் கலந்து, லைபேஸ் ஏற்றிய சிறு மணிகள் நிரம்பிய குழாயின் வழியே செலுத்துகின்றனர். அமிலங்கள் இடம் மாறி, பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஏற்ற கொழுப்பு வெளிவருகிறது. இதனால் அக்கொழுப்பு முற்றும் நல்லதாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நிறைவுற்ற அமிலங்கள் இடம் மாறுகின்றனவே தவிர மறைந்துவிடுவதில்லை.

சில லைபேஸ்கள் தண்டின் இரு ஓரங்களை மட்டுமே தொடும். நடு இடத்தை விட்டுவிடும். இக்குணத்தைப் பயன்படுத்தி, பாமாயிலின் ஒரு பகுதியோடு ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்து, சாக்லேட்டில் உள்ள கோக்கோ வெண்ணெயைப் போலவே வாயில் கரையும் கொழுப்பைச் செய்கின்றனர்.

இயற்கை தரும் நொதி ஆலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. சிலவற்றை வெப்பம் கெடுத்துவிடும். சில மிகச் சிறிதளவே கிடைக்கும். டென்மார்க்கின் நோவோ நிறுவனம் ஒரு பூஞ்சையின் லைபேஸ் மரபணுவை எடுத்து, ஜப்பானியர் சோயா சாறு புளிக்கவைக்கப் பயன்படுத்தும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையில் புகுத்தியது. அது நொதியை ஏராளமாகச் சுரந்தது. துணியின் எண்ணெய்க் கறையை நீக்கும் லைப்போலேஸ் 1988-இல் இவ்வாறு விற்பனைக்கு வந்தது.

அமெரிக்காவின் பிரான்சிஸ் அர்னால்ட் அம்மையார் வேறொரு வழி கண்டார். ஒரு நொதியின் மரபணுவில் கண்டபடி மாற்றங்களை உண்டாக்கி, தேறியதை மட்டும் பொறுக்கி, மீண்டும் மாற்றி, மீண்டும் பொறுக்குவது அவர் முறை. விதைநெல் பொறுக்குவது போலத்தான்! 1997-இல் ஜெர்மனியின் மான்ஃபிரட் ரீட்ஸ் குழுவினர் இம்முறையை லைபேஸிலும் கையாண்டனர். அர்னால்ட் 2018-இல் நோபல் பரிசு பெற்றார். வேதியியலில் அதைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர்.

அன்னையர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. தாய்ப்பாலின் கொழுப்பில் பால்மிடிக் அமிலம் பெரும்பாலும் நடு இடத்தில் இருக்கிறது. தாவர எண்ணெய்களில் அது ஓரங்களில் இருக்கிறது. ஓரத்தில் இருப்பது குழந்தையின் குடலில் வெட்டுப்பட்டு, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாகி வெளியேறிவிடும். மலமும் கட்டியாகும், சத்தும் வீணாகும். இதைத் தவிர்க்கவே, லைபேஸைக் கொண்டு பால்மிடிக் அமிலம் நடுவில் அமைந்த கொழுப்பைத் தயாரித்துச் சில குழந்தைப் பால்மாவுகளில் சேர்க்கின்றனர். தாய்ப்பாலிலோ அக்கொழுப்பைச் செரிக்க வேண்டிய லைபேஸும் கூடவே கலந்து வருகிறது. டப்பாப் பாலில் அது இல்லை.